சொந்தக் கொட்டகை இல்லாத கூத்து: டர்பன் தமிழர் நாடக மேடைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய பஸ் பட்டறையை மேடையாக்கி, நாங்கள் ஏழெட்டுப் பேர் நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆட்டம் முடிந்து டீ ஊற்றும்போது வந்தவர்கள் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கேட்பது ஒரு வகை, இங்கேயே பிறந்த பிள்ளைகள் கேட்பது இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். வரிசை பெரிதாகப் பார்க்கவில்லை.

இது நிஜமாகவே பஸ் பட்டறைதானா?

ஆமாம். டர்பனில் இந்தியர்கள் சொந்தமாகப் பஸ் ஓட்டிய காலம் ஒன்று உண்டு. நகரத்தை விட்டுத் தள்ளிக் குடியேற்றப்பட்ட எங்களுக்கு வேலைக்குப் போக, சந்தைக்குப் போக, கோயிலுக்குப் போக அந்தப் பஸ்கள்தான். பளபளக்கிற பெயின்ட், காதைப் பிளக்கிற பாட்டு, கதவில் தொங்கும் கண்டக்டர். அப்படிப்பட்ட ஒரு முதலாளி தன் பஸ்களை நிறுத்திப் பழுதுபார்த்த இடம் இது. பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை, பஸ்கள் விற்றுப்போயின, பட்டறை பூட்டியே கிடந்தது. வாடகைக்குக் கேட்டபோது அந்த அங்கிள் "நாடகமா?" என்று சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

தரையில் எண்ணெய்க் கறை இன்னும் தெரியும். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நடுவில், பஸ்ஸுக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற குழி ஒன்று. அதை மண் கொட்டி மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு நாள் பதினெட்டாம் போர் ஒத்திகை. துரியோதனன் தோற்று ஓடி மடுவுக்குள் ஒளிய வேண்டும், பீமன் கரையில் நின்று கூப்பிட்டு வம்புக்கு இழுக்க வேண்டும். துரியோதனனாக நடித்த தம்பி, யாரும் சொல்லாமலே அந்தக் குழிக்குள் குதித்துவிட்டான். அன்றோடு மூடுகிற பேச்சு நின்றது. இப்போது மேலே பலகை போட்டு வைத்திருக்கிறோம், மடு வேண்டும்போது எடுப்போம்.

புதிதாக ஒரு அரங்கம் கட்டியிருக்கலாமே?

பணம் இல்லை. அது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் நம் ஆட்களின் நாடகம் நாடகத்துக்கென்றே கட்டிய இடத்தில் வளரவில்லை. அதன் கதையைத் தேடினால் வேறு ஏதோ வேலைக்குக் கட்டிய இடங்களில்தான் போய் நிற்போம்: தோட்டத்து லைன் வீடுகள், முனிசிபல் பாரக்ஸ், கோயில் பந்தல், பள்ளிக்கூட ஹால், பழச்சந்தை. பட்டறை அந்த வரிசையில் வந்து சேர்ந்த ஒன்று, அவ்வளவுதான். புதுக் கட்டடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம்.

அப்படியென்றால் முதலில் எங்கே ஆடினார்கள்?

கரும்புத் தோட்டத்தில். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை நடந்த ஒப்பந்தக் கூலி ஏற்றுமதியில் மொத்தம் 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இறங்கினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட சென்னையில் கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசினவர்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்கள் எங்கே போனாலும் திரௌபதியம்மனும் கூடவே போவாள், அவள் போனால் கூத்தும் போகும்.

ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். இப்படிப்பட்ட வாழ்க்கையில் விடிய விடியக் கூத்து ஆடுவதற்கு இருந்தது சனிக்கிழமை ராத்திரிதான். மறுநாள் ஞாயிறு. பெரிய திருவிழாக்களுக்கும் இதே கணக்கு. இன்றைக்கும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளி அன்று கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து, இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். கிறிஸ்தவர்களின் துக்க நாளில் மாரியம்மனுக்கு என்ன விசேஷம் என்று. விசேஷம் ஒன்றுமில்லை, லீவுதான் விசேஷம். வெள்ளைக்கார முதலாளி தன் பண்டிகைக்கு விட்ட லீவில் நம் ஆட்கள் தங்கள் பண்டிகையை வைத்துக்கொண்டார்கள். இடத்தை மாற்றிக்கொள்வதற்கு முன்பே நாளை மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டோம் என்று இதை நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மேடை என்று ஒன்றும் கிடையாது. லைன் வீடுகளுக்கு நடுவே மண்தரை, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒரு திரைத்துணி, ஓரத்தில் மத்தளமும் தாளமும். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு கேட்கும், கிரீடம் மட்டும் தெரியும், அப்புறம்தான் ராஜா வெளியே வருவார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கு யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம் என்ற உரிமம் கூத்தில் எப்போதும் உண்டு. தோட்டத்து சர்தாரை, அதாவது கங்காணியை, அவன் சும்மா விட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்கிறார்களே, அது வேறா?

வேறு இல்லை. தெருக்கூத்துக்கு இந்த ஊர் ஆங்கிலத்தில் வைத்த பெயர். ஏன் ஆறடி என்றால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அடவுக் கணக்கு என்பார் ஒருவர், ஆட்டக்காரரின் உயரம் என்பார் இன்னொருவர். 'தெருக்கூத்து' என்பதை ஆங்கிலக் காதில் வாங்கிய கோளாறு என்று நினைக்கிறவர்களும் உண்டு. நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

மேகசின் பாரக்ஸ் என்று பெரியவர்கள் உருகுகிறார்களே, அங்கே என்ன இருந்தது?

டர்பன் நகரசபையில் துப்புரவு, சாலை, தோட்டம் என்று வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு. சோம்ட்சியூ ரோட்டுப் பக்கம். பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் ஆயா அங்கே வளர்ந்தவர், அவர் பேசினால் நாடகம் ஓயாது. ஒரு வீட்டில் மத்தளம் கட்டுவார்கள், இன்னொரு வீட்டில் பாட்டு ஒத்திகை, எதிர் வரிசையில் யாரோ கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பகலில் தெருக்கூட்டுகிறவர் ராத்திரி அர்ச்சுனன். "அர்ச்சுனன் தபசுல மேல ஏறினா காலையில வேலைக்குக் கூப்பிட்டாத்தான் இறங்குவாரு" என்பார் ஆயா. ஒரு ஊரே ஒரு நாடகக் கொட்டகையாக இருந்தது என்றுதான் அவர் பேச்சிலிருந்து எனக்குப் படுகிறது. ஏழ்மையை அழகாக்கிச் சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆயாவும் அப்படிச் சொன்னதில்லை. குளிர், ஈரம், காசநோய் எல்லாவற்றையும் சேர்த்தேதான் சொல்வார்.

1950-இல் குழுப்பகுதிச் சட்டம் வந்தது. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் கோடு போட்டது. மேகசின் பாரக்ஸையும் காலிசெய்யச் சொன்னார்கள், டர்பனில் இந்தியர்கள் வாழ்ந்த கேட்டோ மேனரையும் காலிசெய்யச் சொன்னார்கள். 1964-இல் சாட்ஸ்வொர்த் திறந்தது. வீடு கிடைத்தது, கழிப்பறை கிடைத்தது. எதிர் வரிசையில் கிரீடம் ஒட்டினவர் மட்டும் சாட்ஸ்வொர்த்தின் எந்த யூனிட்டில், அதாவது எந்தப் பகுதியில், விழுந்தார் என்று தெரியவில்லை. குழு கலைந்தால் கூத்து இல்லை. மத்தளக்காரர் ஓரிடத்தில், பின்பாட்டுக்காரர் ஓரிடத்தில், பஸ் கடைசி டிரிப் எட்டு மணிக்கு.

டர்பனில் தியேட்டர்களே இல்லையா அப்போது?

இருந்தன. பயாஸ்கோப் நிறைய இருந்தது. கிரே ஸ்ட்ரீட் பக்கம் இந்திய முதலாளிகள் நடத்திய கொட்டகைகள், அவலான், ஷா ஜஹான், ராஜ் என்று. தமிழ்ப் படம் வந்தால் குடும்பத்தோடு போய், படம் முடிந்து பன்னி சோ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அந்தக் காலத்துச் சனிக்கிழமை. சில சமயம் படத்துக்கு நடுவே மேடைக் கச்சேரியும் நடக்கும். ஆனால் நாடகத்துக்கென்று முறையாகக் கட்டிய அரங்கம் வெள்ளையருக்கு. 1965-இல் வந்த அரசாணைக்குப் பிறகு கலந்து உட்கார்ந்து பார்ப்பதற்கும் கலந்து நடிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது.

நகர நடுவில் இருக்கிற ப்ளேஹவுஸ் இதில் ஒரு விசித்திரம். அதுவும் மாற்றிக் கட்டியதுதான். 1935-இல் பழைய இங்கிலாந்து வீடு மாதிரி அலங்காரத்தோடு திறந்த சினிமாக் கொட்டகை, 1986-இல் பல அரங்குகள் உள்ள நாடக வளாகமாகத் திரும்பத் திறந்தது. ஆக, இடத்தை மாற்றிக் கட்டுவது ஏழைகள் மட்டும் செய்கிற வேலை இல்லை. பெரிய இடத்தார் செய்தால் அதற்குப் பெயர் புனரமைப்பு, நாங்கள் செய்தால் பட்டறையில் நாடகம்.

ரோனி கோவெண்டர் பெயரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

கேட்டோ மேனரில் 1934-இல் பிறந்தவர், 2021-இல் காலமானார். கோவெண்டர் என்றால் கவுண்டர். குடியேற்ற அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதியது அப்படியே நின்றுவிட்டது. நாயுடு, முதலி எல்லாம் அந்தப் பேனாவில் பட்டு இன்னும் என்னென்னவோ ஆகியிருக்கின்றன.

1961-இல் கிருஷ்ணா ஷா என்ற இயக்குநர் தாகூரின் ஒரு நாடகத்தை இங்கே கொண்டுவந்தார். அதோடு நடிப்புப் பயிற்சியும் நடத்தினார். அதில் ஊக்கம் பெற்றவர்கள் 1964-இல் அவர் பெயரிலேயே ஷா நாடக அகாடமியைத் தொடங்கினார்கள். ரோனி கோவெண்டரும் முத்தல் நாயுடுவும் அதில் முக்கியமானவர்கள். அதுவரை படித்த இந்தியர்களுக்கு நாடகம் என்றால் இங்கிலாந்து உச்சரிப்பில் பேசுவது. இவர்கள் தெருவில் பேசுகிற ஆங்கிலத்தை, தமிழ் வாலும் ஜூலு மூக்கும் உள்ள அந்த ஆங்கிலத்தை, மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

1970களில் ரோனி எழுதி நடத்திய 'தி லானீஸ் ப்ளெஷர்' நாடகத்தில் அது உச்சத்துக்குப் போனது. லானி என்றால் எங்கள் பேச்சில் வெள்ளைக்கார எஜமான், துரை. மவுண்ட் எட்ஜ்கோம் கரும்பு ஊரில் ஒரு ஹோட்டல். வெள்ளையர் குடிக்க ஒரு பக்கம், இந்தியர் குடிக்க ஒரு பக்கம். இந்தியர் பக்கத்து பாரில் ஒரு ராத்திரி. மகளைக் காணாமல் கலங்கிப்போன மோதி என்ற தொழிலாளி, பார்மேன், ஊர் பேர் தெரியாத ஒரு அந்நியன், அவ்வப்போது எட்டிப்பார்க்கும் லானி. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், நடுவில் எங்கேயோ சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும்.

நாடகக்காரனாக எனக்கு இதில் பிடித்தது அதன் கட்டுமானம். ஒரே இடம், ஒரே ராத்திரி. வேண்டிய சாமான் ஒரு கவுண்டர், நாலு ஸ்டூல், சில பாட்டில். எந்தப் பள்ளிக்கூட ஹாலிலும் அரை மணியில் ஒரு பாரை நிறுத்திவிடலாம். அரங்கம் மறுக்கப்பட்ட ஆட்கள் எழுதும் நாடகம் இப்படித்தான் இருக்கும். வேனில் ஏறுகிற அளவுக்குத்தான் அரண்மனை.

பெண்கள் நடித்தார்களா?

கூத்தில் இல்லை, திரௌபதி ஆண்தான். ஷா அகாடமி காலத்தில் முத்தல் நாயுடு போன்றவர்கள் நடித்ததோடு நிற்காமல் எழுதவும் இயக்கவும் செய்தார்கள். எங்கள் குழுவில் இப்போது துரியோதனனே ஒரு அக்காதான். முதலில் சொன்ன தம்பி வேலைக்காகக் கேப் டவுன் போய்விட்டான். குழிக்குள் குதிப்பதில் அக்கா அவனைவிடத் தைரியம்.

கொத்தனார் ஒருவர் நாடகம் எழுதினாராமே?

கெஸ்ஸி கோவெண்டர். தொழில் செங்கல் கட்டுவது. 'வர்க்கிங் கிளாஸ் ஹீரோ' என்ற அவர் நாடகம் கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே நடக்கிறது. இந்தியக் கொத்தனார், அவருக்குக் கீழே கலவை சுமக்கிற ஆப்பிரிக்கத் தொழிலாளி. வெள்ளையன் நம்மை நடத்தியதைப் பற்றி நாடகம் போட்டால் நம் கூட்டம் கைதட்டும். நாம் ஆப்பிரிக்கனை நடத்தியதைப் பற்றிப் போட்டால் நாற்காலி கிறீச்சிடும். கெஸ்ஸி இரண்டாவதைச் செய்தார். டர்பனின் ஸ்டேபிள் தியேட்டர் அவர் பெயரோடு ஒட்டிப்போன இடம். ஸ்டேபிள் என்றால் லாயம். பெயரைக் கேட்டதுமே எங்கள் பட்டறைக்கு ஒரு பங்காளி கிடைத்த மாதிரி இருக்கும் எனக்கு.

நாடகம் போட்டதற்காக ஜெயிலுக்குப் போனார்களா?

போனார்கள். நாடகத்துக்காக மட்டும் என்று சொல்ல முடியாது, ஆனால் வழக்கில் நாடகமும் சேர்ந்தது. ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் ஆகியோர் 1969-இல் டெகான் என்ற நாடக அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்டீவ் பிகோவோடு கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தில் இருந்தவர்கள். மாணவர் இயக்கத் தலைவர்கள் ஒன்பது பேர் மேல் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் வழக்கு, 1975-இல் விசாரணை தொடங்கி 1976 கடைசியில் தீர்ப்பு. நாடகப் பிரதியும் கவிதையும் சாட்சியக் கட்டில் இருந்தன. இருவரும் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாவில் இயங்கிய மக்கள் சோதனை நாடகக் குழுவுக்கும் 'சாந்தி' என்ற நாடகத்தால் இதே கதி.

ஒரு பக்கம் யோசித்தால், நாடகத்தை அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட ரசிகர் அந்தப் போலீஸ்காரர்தான். வரி வரியாகப் படித்திருப்பார்.

ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கட்டடத்தின் பழைய பெயர் இந்தியப் பழச்சந்தை.

நியூடவுனில் 1913-இல் கட்டியது. அப்போது ஜோஹன்னஸ்பர்க் தமிழர்களில் நிறையப் பேருக்குப் பிழைப்பே பழமும் காய்கறியும் கூடையில் சுமந்து விற்பதுதான். காந்தியின் சத்தியாக்கிரகத்தில், உரிமம் இல்லாமல் கூவி விற்று வேண்டுமென்றே கைதானவர்களில் தமிழர்கள் முன்னால் நின்றார்கள். மொரிஷியஸில் பிறந்த தம்பி நாயுடு அவர்களுக்குத் தலைவர் மாதிரி. கட்டடம் எழும்பிய அதே 1913-இல்தான் தமிழ்ப் பெண்கள் சிறை போனார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தாள். அந்தச் சந்தையை நினைத்தால் எனக்கு இந்தக் கூடைக்காரர்கள் முகம்தான் முதலில் வரும், நடிகர்கள் அப்புறம்.

1974-இல் நகரத்தின் சந்தை சிட்டி டீப்புக்குப் போனது, பழைய கட்டடம் காலி. பார்னி சைமன், மேனி மானிம் என்ற இருவர் தங்கள் நாடகக் குழுவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அரசு மானியத்தை நம்பாமல் நன்கொடை திரட்டி, சந்தையின் இரும்புச் சட்டங்களையும் உயரமான கூரையையும் மறைக்காமல் அப்படியே வைத்து அரங்கமாக்கினார்கள். முதல் நாடகம் செகாவின் 'கடற்பறவை', 1976 ஜூன் 21. தேதியைக் கவனியுங்கள். ஜூன் 16 அன்று சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டார்கள். ஐந்தே நாள் கழித்து, ஊர் எரிகிற நேரத்தில், ஒரு பழச்சந்தை மாடியில் விளக்கு அணைந்து திரை விலகுகிறது. பெரிய அரங்கம் அக்டோபரில் திறந்தது. சட்டம் என்ன சொன்னாலும் எல்லா நிறத்தவரையும் ஒன்றாக உட்காரவைப்பது என்பது அவர்களின் தொடக்க நாள் கொள்கை.

1981-இல் அங்கே வந்த 'வோசா ஆல்பர்ட்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெர்சி எம்ட்வா, எம்பொங்கேனி எங்கெமா என்று இரண்டே நடிகர்கள், பார்னி சைமனோடு சேர்ந்து உருவாக்கியது. இனவெறி நாட்டுக்கு இயேசு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது கதை. இரண்டு பேரே ஊர் முழுக்க நடிப்பார்கள். வெள்ளைக்காரனாக மாற வேண்டுமென்றால் ரோஜா நிறத்தில் ஒரு கோமாளி மூக்கை மாட்டிக்கொள்வார்கள், முடிந்தது. இதை முதலில் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். இது நம் கட்டியக்காரன் செய்கிற வேலை அல்லவா? ஒரே ஆள் காவல்காரன், தோழி, குதிரைக்காரன், கிழவி எல்லாம் ஆவான், தோளில் துண்டை மாற்றிப் போடுவதோடு சரி. அவர்கள் கூத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லாத நடிகன் எந்த ஊரிலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வான்.

இன்று அங்கே மூன்று அரங்குகளுக்கும் நடிகர் ஜான் கானி, பார்னி சைமன், மேனி மானிம் என்று பெயர். கூடைக்காரர்கள் பெயரில் ஒரு மூலையாவது இருந்திருக்கலாம்.

ஒரு கொசுறு. சத்தியாக்கிரகம் பிறந்த கூட்டம், 1906 செப்டம்பர் 11, நடந்ததும் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு நாடகக் கொட்டகையில்தான். எம்பயர் தியேட்டர். மறுநாளே அது தீப்பிடித்து எரிந்துவிட்டது என்று காந்தியே எழுதியிருக்கிறார். கொட்டகை அரசியல் மேடையானது அங்கே, சந்தை கொட்டகையானது இங்கே. இடம் கிடைக்காதவர்களுக்கு எல்லா இடமும் எல்லாமாகும்.

நீங்கள் தமிழில்தான் நாடகம் போடுகிறீர்களா?

பாட்டு தமிழில், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் தலைமுறையில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சரி, நல்லதுதான், ஆனால் சாசனம் வந்து ஒத்திகையில் உட்காராது.

பிள்ளைகள் விருத்தத்தை ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ழகரம் தகராறு. தமிழ் ஐஸ்டெட்ஃபட் என்கிற கலைப் போட்டிகளில் பரிசு வாங்குகிற பிள்ளைகள் அழகாகப் பாடுவார்கள், பொருள் கேட்டால் விழிப்பார்கள். அதனால் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: பாட்டின் பொருளைக் கட்டியக்காரன் ஆங்கிலத்தில், நடுநடுவே ஜூலுவில், கேலியாகச் சொல்வான். ஒரு மூத்தவர் வந்து, "கூத்தைக் கெடுத்துட்டீங்களே தம்பி" என்றார். அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார், பேரனைக் கூட்டிக்கொண்டு.

நாங்களும் ஒரு பழைய இடத்தை மேடையாக்கலாமா?

தாராளமாக. ஆனால் நாங்கள் பட்டதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் கூரையைப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நிறைய. அதில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது, தூள் நுரையீரலுக்கு எமன். விளக்கு தொங்கவிட வேண்டுமென்றால் தரையிலிருந்து குழாய்ச் சட்டம் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்களுடையது தகரக் கூரை, அதற்கு வேறு தொல்லை, பிறகு சொல்கிறேன்.

வெளியே போக இரண்டு வழி வேண்டும், இரண்டும் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். எங்கள் இடத்தில் இருந்தது ஒரே ஒரு இரும்பு உருட்டுக் கதவு. பின்சுவரை உடைத்துக் கதவு வைத்ததுதான் மொத்தச் செலவில் பெரிய பங்கு. பட்டறையை மக்கள் கூடும் இடமாக மாற்ற எழுத்து அனுமதியும் வேண்டும். எங்கள் மனு ஒரு அலுவலகத்தில் இரண்டு முறை தொலைந்தது. மூன்றாம் முறை நகல் எடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினோம், அப்புறம் தொலையவில்லை. நீங்கள் முதல் முறையே அப்படிச் செய்யுங்கள்.

எதிரொலி பெரிய எதிரி. சிமெண்டுத் தரை, செங்கல் சுவர், தகரக் கூரை சேர்ந்தால் ஒரு வார்த்தை மூன்று வார்த்தையாகத் திரும்பி வரும். விலை உயர்ந்த பலகை எல்லாம் வேண்டாம். கோயிலில் அம்மனுக்குச் சாத்தி ஏலம் விட்ட புடவைகளை அத்தைமார்கள் கொடுத்தார்கள். பழைய கம்பளியை உள்ளே வைத்துத் தைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். துணிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் சத்தத்தை நன்றாக விழுங்கும். பார்க்கவும் அழகு.

கரண்ட் போகும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில் ஆட்டத்தின் நடுவே இருட்டாவது சாதாரணம். எல்.இ.டி. விளக்குகள் கொஞ்சமாகத்தான் கரண்ட் குடிக்கும், ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால் காட்சியை முடித்துவிடலாம். ஒரு தடவை அதுவும் கைவிட்டது. பார்வையாளர்கள் போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் கூத்து பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

டிக்கெட் எவ்வளவு?

டிக்கெட் இல்லை. வாசலில் ஒரு பெயின்ட் டப்பா இருக்கும், முடிந்ததைப் போடலாம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வாரத்தில் டப்பாவும் கிடையாது.

மழை பெய்தால் ஆட்டம் உண்டா?

உண்டு, ஆனால் நிற்கும். தகரக் கூரையில் டர்பன் மழை விழுந்தால் பீமன் கத்துவது துரியோதனனுக்கே கேட்காது. அந்த நேரத்தில் விளக்கைப் போட்டு டீ ஊற்றிவிடுவோம். மத்தளக்காரர் மட்டும் விடமாட்டார், மழையோடு போட்டி போட்டு வாசித்துக்கொண்டே இருப்பார். மழை ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். குழிக்குள் இருக்கிற அக்காவுக்கும் ஒரு கப் டீ கொடுக்க மறந்துவிடுகிறோம் என்று அவருக்குக் கோபம். அடுத்த தடவை வருகிறவர்கள் யாராவது ஞாபகப்படுத்துங்கள்.